கூட வர ஒராள்

கடிதத்தில மூண்டு வரிதான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மீற்றிங். வேலை போகவும் கூடும். விரும்பினால் ஒரு சப்போர்ட் பேர்சனைக் கூட்டிக்கொண்டு வரலாம்.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு இடிச்சுது. ஆளைக் கலைக்கப் போறவன் ஏன் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வா எண்டுறான்? நான் மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு போகவோ?

"டாட், சப்போர்ட் எண்டால் உங்கட பக்கம் இருந்து கதைக்கிற ஆள். அது உங்கட ரைற்," எண்டாள் மகள் ஜெனுஷா.

"ஏன், எனக்கு வாய் இல்லையே?"

நான் வேலை செய்யிற மனுரேவா வெயார்ஹவுஸில கண்ணாடிச் சாமான் அடுக்கின பலட் ஒண்டு சரிஞ்சு நொருங்கினது. நான் ஃபோர்க்லிஃப்ற்றால இடிச்சிட்டனாம். சத்தியமாய் இடிக்கேல்லை. அண்டைக்குப் பக்கத்தில நிண்டது தமிழ்நாட்டுச் சுப்பிரமணியன் ஒராள்தான். அடுத்த நாள் மேனேஜரின்ர அறைக்குள்ளயிருந்து வந்தவர், என்னைப் பார்த்தும் சிரிக்காமல் போனார். வத்தி வைச்சது ஆரெண்டு பிறகும் சொல்லவேணுமே எண்டு ஜெனுஷாவிட்டயும் கத்தினன்.

வேற ஆரைக் கூப்பிடுறது? கோயிலில ஒருத்தரிட்ட வாய் விட்டால், பூசை முடிய முதல் கதை நகரத்தின்ர மற்றத் தொங்கல் ஹென்டர்சன் வரைக்கும் போயிடும். வேலை போனாலும் பரவாயில்லை, மானம் போகக்கூடாது எண்டு தனியப் போனன்.

மேனேஜர் கேட்டதுக்கெல்லாம் "நோ, நோ" எண்டன். அதுக்கு மேல இங்கிலீசில ஒரு சொல்லும் வரேல்லை. "முடிவெடுக்க முதல் பத்து நிமிசம் வெளியில இருங்கோ," எண்டு அனுப்பிவிட்டார்.

வெளியில கதிரையில சுப்பிரமணியன் இருந்தார். லீவு நாள், தோய்ச்ச சேர்ட். எனக்குப் பத்திக்கொண்டு வந்திது.

"என்ன, வேடிக்கை பார்க்க வந்தனீங்களோ?"

"உங்க பொண்ணு போன் பண்ணிச்சு. கிளென் ஈடன்லேருந்து ட்ரெயின் பிடிச்சு வர்றேன். அந்த பலட் நீங்க தொடறதுக்கு முன்னாடியே சாஞ்சுதான் நின்னுச்சு, நான் பார்த்தேன். மறுநாளே மேனேஜர்கிட்ட சொல்லப் போனேங்க. நீங்க கூட்டிட்டு வந்தாத்தான் கேப்பாராம். அந்தக் கடுப்புல உங்ககிட்டக்கூடப் பேசாமப் போயிட்டேன்."

"நான் உங்களையெல்லே சந்தேகப்பட்டனான்."

"தெரியுங்க. பொண்ணு அதையும் சொல்லிச்சு." அவர் எழும்பிச் சேர்ட்டை இழுத்து விட்டார். "இப்ப உள்ள வரவா, வேணாமா?"

கதவு திறந்தது. அவற்ர கையைப் பிடிச்சன், விடேல்லை.