மூன்று பேருக்கு ஒரு குடல்

‘அழிக்கட்டுமா?’ என்று கேட்டது திரை.

டாக்டர் ‘ஆம்’ மீது விரலை வைத்தார். வியர்வையில் வழுக்கிய விரல் ‘இல்லை’யில் போய் விழுந்தது. சனியன்! மறுபடி முதலிலிருந்து. ‘மெஷின் டெஸ்ட்’ என்று தலைப்பிட்ட பதினெட்டு நிமிடப் படம். தேர்வு. அழி. ஆம். பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. மணி பத்து ஐம்பத்திரண்டு. பதினொன்றுக்கு மாடியில் விசாரணை.

கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள் பெரிய சிஸ்டர். குழாய் விட்டுக் குடலைப் பார்த்துப் படமெடுக்கும் இந்த எண்டோஸ்கோப்பி அறையை இருபத்தாறு வருடமாக ஆள்பவள்.

"நீங்களா சார்? கொஞ்சம் நகருங்க, தரையைத் துடைக்கணும். பதினொன்றரைக்கு ஒரு கேஸ் இருக்கு."

"இன்னைக்கு லிஸ்ட் காலின்னு நான்தானே கையெழுத்துப் போட்டேன்?"

"அப்புறமா ஒண்ணு சேர்ந்துச்சு."

"யாரு பேஷன்ட்?"

"பேர் இன்னும் எழுதல சார்." வாளியை அவருடைய ஷூவை ஒட்டி டொக்கென்று வைத்தாள். "காலைத் தூக்குங்க."

வேறு நாளாக இருந்தால் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். இன்று காலைத் தூக்கினார். பச்சைக் கோடு விளிம்பைத் தொட்டது. ‘அழிக்கப்பட்டது.’ நகல் எங்கும் கிடையாது. அதைப் போன வாரமே உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார்.

படிகளில் ஏறும்போது மூச்சு சீரானது. இருபத்திரண்டு வருட ஆராய்ச்சி! உடம்பின் காவல்படையே கிறுக்குப் பிடித்துச் சொந்தக் குடலைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய் அது. ரத்தம், வலி, நாளைக்கு இருபது முறை கழிப்பறை. அதற்கு அவர் ஒரு மருந்து வைத்திருந்தார். சோதனையில் நாற்பது நோயாளிகள். மருந்துக்கு முன் ஒரு படம், மருந்துக்குப் பின் ஒரு படம். ஏழு, பத்தொன்பது, முப்பத்தொன்று என்ற மூன்று எண்களுக்கு மட்டும் ‘முன்’ படத்தில் போதுமான புண் இல்லை. புண்ணே இல்லாத இடத்தில் எதை ஆற்றிக் காட்டுவது? பழைய கோப்புகளைக் கிளறினார். பெயர் இல்லை, எண் இல்லை, கேட்பாரற்றுக் கிடந்தது ‘மெஷின் டெஸ்ட்’. யாருடைய குடலோ, அழற்சி முற்றிச் சிவந்து கிடந்தது. மூன்றாக வெட்டி, மூன்று எண்களுக்கும் ஒட்டினார். எந்த நோயாளி வந்து இது என் படம் என்று கேட்கப்போகிறான்?

தப்பு அடுத்த அடியில் நடந்தது. யாருடைய படம் என்று தெரியாமல் பார்த்து மதிப்பெண் போடும் வேலையைத் தன் மச்சினியிடம் கொடுத்தார். அவளும் இதே துறையில் டாக்டர். வீட்டு ஆள், வாயை மூடிக்கொண்டு போட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டார். அவளோ புகார் எழுதிவிட்டாள்.

நிரூபித்தால் அவருடைய மருத்துவப் பதிவே போய்விடும். நிரூபிக்காவிட்டால் பொய்ப் புகாருக்கு அவள் வெளியே.

மாடி அறையில் நீள மேஜை. நடுவில் வெளி மருத்துவமனையிலிருந்து வந்த நடுவர். அவரும் குடல் மருத்துவர்தான். பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு வக்கீலம்மா. எதிரே மச்சினி, முகம் வெளுத்து, கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலுடன்.

"வணக்கம் சார்" என்றாள்.

அத்தான் என்று அவள் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. அதுவாவது பரவாயில்லை. பத்து வருடமாக அவர் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை அவள். அவருடைய மகள் பிறந்தநாளில்கூடத் தட்டைத் தொடாமல் அக்காவிடம் குசுகுசுவென்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனாள். அத்தனை திமிர்!

"ஆரம்பிங்க" என்றார் நடுவர்.

மச்சினி மூன்று படங்களையும் திரையில் ஓட விட்டாள். "ஏழாம் நம்பர். இந்த வளைவைத் தாண்டினதும் மூணு சின்னச் சதை முடிச்சு. அதுக்கு மேல, புண் ஆறும்போது சதை ஒட்டிக்கிட்டு உண்டான ஒரு பாலம். பத்தொன்பது. அதே முடிச்சு, அதே பாலம். முப்பத்தொண்ணு. படத்தை இடவலமா திருப்பிப் போட்டிருக்காங்க, ஆனா பாலம் அதேதான். மூணு பேருக்கு ஒரே குடல்."

டாக்டர் சிரித்தார். "முத்தின கேஸ்ல முடிச்சும் இருக்கும், பாலமும் இருக்கும். இருபது வருஷமா இதே வேலையில இருக்கிறவங்களுக்கு இது தெரியாதா? கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க."

"ஒண்ணு இருக்கலாம் சார். மூணு பேருக்கும் அதே அளவுல, அதே இடத்துலயா?"

"அப்போ ஒரிஜினல் படம் எங்கே? காட்டுங்க."

"கீழ மெஷின்ல இருந்துச்சு. இப்போ இருக்காதுன்னு நினைக்கிறேன்."

"இருந்துச்சு, இப்போ இல்ல! ஐயா, இதைக் குறிச்சுக்குங்க."

வக்கீலம்மா குறித்துக்கொண்டாள். மச்சினி பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு "ஒரு நிமிஷம்" என்று எழுந்து வெளியே ஓடினாள். இது இரண்டாவது முறை.

"பயத்துல வயித்தைக் கலக்குது போல" என்றார் டாக்டர்.

நடுவர் சிரிக்கவில்லை. மேஜைமேல் நின்ற பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் டாக்டர் பாய்ந்தார். "குடும்பச் சண்டையை ஆபீசுக்குக் கொண்டு வராதீங்கம்மா. என் சோதனையில நோயாளிங்க பிழைச்சிருக்காங்க. உங்களுக்கு என்ன எரிச்சல்? துறைத் தலைவர் நாற்காலி கிடைக்கலன்னா?"

"அந்த நாற்காலியில உட்கார்ந்து நேர்முகத் தேர்வு நடத்தினப்போ நீங்க ஒண்ணு சொன்னீங்க சார். ஞாபகம் இருக்கா? இதே நோய் இருந்த ஒரு டாக்டர் வேலைக்கு வந்தார். சொந்த வயித்தைக் கட்டிக் காப்பாத்த முடியாதவன், ஊரான் வயித்தைப் பார்க்க வந்துட்டான்னு சொல்லி அனுப்பினீங்க. அறையே சிரிச்சுது."

"இப்பவும் அதையேதான் சொல்வேன். பாதி ஆபரேஷன்ல கழிப்பறைக்கு ஓடுறவனை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நடுவர் தொண்டையைச் செருமினார். "டாக்டரம்மா, அந்தப் படத்தோட சொந்தக்காரர் இன்னைக்கு நேர்ல வர்றதா எழுதியிருந்தீங்க. மறுபடி குழாய் விட்டுப் பார்த்தா முடிச்சும் பாலமும் அங்கேயேதான் இருக்கும், ஒப்பிட்டுக்கலாம்னு. நானும் அதுக்குத் தயாராத்தான் வந்திருக்கேன். மணி பதினொண்ணு இருபத்தஞ்சு. எங்கே அவர்?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொந்தக்காரரா? அடுத்த கணம் தெளிந்தார். வெறும் உதார்! பெயரும் எண்ணும் இல்லாத படத்துக்கு ஆளை எங்கே போய்த் தேடியிருப்பாள்? அவராலேயே முடியாத காரியம்.

"கூட்டிட்டு வாங்கம்மா" என்றார், இரண்டு கையையும் விரித்து. "மாலை மரியாதையோட நானே வரவேற்கிறேன். வரலைன்னா இந்தப் புகாரை இங்கேயே கிழிச்சுப் போட்டுட்டு ராஜினாமாக் கடிதத்துல கையெழுத்துப் போடணும். சம்மதமா?"

"சம்மதம்."

கதவு தட்டப்பட்டது. பெரிய சிஸ்டர் எட்டிப் பார்த்தாள்.

"டேபிள் ரெடிம்மா. பாட்டில் முடிஞ்சுதா? தண்ணி மாதிரி போகுதா?"

"சுத்தமா போகுது சிஸ்டர்."

டாக்டர் பாட்டிலைப் பார்த்தார். தினமும் ஐம்பது பேருக்கு அவரே எழுதிக்கொடுக்கும் மருந்து. குழாய் விடும் முன் குடலைக் கழுவ, உப்புக் கரிக்கக் கரிக்கக் குடிக்க வேண்டியது. இத்தனை நேரம் அவர் மூக்குக்கு எதிரேதான் நின்றிருந்தது.

மச்சினி கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். வளையல்களைக் கழற்றினாள். இரண்டையும் வக்கீலம்மாவின் குறிப்பேட்டின் மேல் வைத்தாள்.

"நீ..." என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"மயக்க மருந்து வேண்டாம்" என்றாள் நடுவரிடம். "முழிச்சிருந்தே பார்க்கிறேன். சாரும் பக்கத்துல நிக்கட்டும், நான் சம்மதிக்கிறேன்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷம் முன்னாடி ஒரு லீவு நாள்ல, வெளியிலேர்ந்து ஒரு டாக்டர் சிநேகிதியை வரவழைச்சு, சிஸ்டரை வெச்சுப் பேர் போடாம ‘மெஷின் டெஸ்ட்’னு எடுத்த படம். பேர் போட்டா நீங்க படிப்பீங்க. படிச்சா அறையே சிரிக்கும். பத்து வருஷமா உங்க வீட்டுல நான் ஏன் சாப்பிடலன்னு அக்காவுக்குத் தெரியும்; உங்களுக்குத்தான் தெரியல. அது என் குடல், அத்தான்."