காமாட்சியிடம் ஒரு மேல்முறையீடு

என் மாமியார் காசியம்மாள் காஞ்சிபுரம் கிளம்பியது புண்ணியம் தேட அல்ல. நான் மறுகல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று காமாட்சியிடம் ஒரு வார்த்தை வாங்கி வரத்தான். யாரைப் பற்றிக் கேட்கிறோமோ அந்த ஆள் எதிரில் நிற்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டாள். நேரில் பேசும்போது நான் அவளுக்கு ‘ங்க’ போடாமல் இருந்ததில்லை. ஆனால் இதைச் சொல்லும்போது அந்த மரியாதை வாயில் வர மறுக்கிறது, என்ன செய்ய.

கொழுந்தன் அருள்குமார் ஓட்டினான். இண்டூரிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் மூன்று பேரும் பேசியது, டீக்கு நிறுத்தவா வேண்டாமா என்பது மட்டும்தான்.

என் கணவர் மாதவராஜ் லாரியில் அடிபட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. தருமபுரியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். கடத்தூரில் பால் வண்டி ஓட்டும் தமிழ்ச்செல்வன் என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று வெளிப்படையாக என் அப்பாவிடம் வந்து கேட்டார். எனக்கும் பிடித்திருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கலாம். நான் என்ன கோழியா திருடினேன், ஒளிந்து ஓட? பந்தல் போட்டு, நாலு பேர் பார்க்கத் தாலி கட்டிக்கொண்டுதான் போவேன் என்று இருந்தேன். என் அப்பா ஆண்டி அதற்கு ஒரு பூட்டுப் போட்டார். அம்மன் உத்தரவும் புகுந்த வீட்டுச் சம்மதமும் இல்லாமல் பந்தக்கால் நட மாட்டேன் என்றுவிட்டார். தமிழ்ச்செல்வன் வீட்டிலோ ஆடி முடியும் வரைக்கும்தான் பொறுப்போம், அதற்குமேல் வேறு பெண் பார்ப்போம் என்றார்கள். ஆடி பாதி தாண்டியிருந்தது.

எங்கள் ஊரில் பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அம்மனிடம் பூ கேட்பார்கள். பூசாரி சிலையின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டிவைப்பார். கேள்வியைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் கூடாது. எனக்காக இண்டூர் மாரியம்மனிடம் கேட்டபோது, சூடம் அணைவதற்குள் வலப்பக்கப் பூ விழுந்தது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமியார் மட்டும் மேலே பார்த்தாள். ஃபேன் ஓடுது, காத்துல விழுந்த பூ கணக்கில்லை என்றாள்.

ஃபேனை நிறுத்தி மறுபடி கேட்கலாம் என்று பூசாரி சொன்னதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மாரியம்மன் நம்ம ஊர்க்காரி, இவள் அழுவதைத் தினமும் பார்க்கிறவள், மனசு இறங்கிவிட்டாள், பெரியவளிடம் கேட்போம் என்றாள். கீழ்க் கோர்ட்டில் தோற்றவர்கள் சென்னைக்கு வக்கீல் பிடிக்கப் போவது மாதிரிதான் நாங்கள் காஞ்சிபுரம் போனோம்.

காமாட்சி கோயிலில் ஆடி வெள்ளிக் கூட்டம். வரிசையில் நகர்ந்து சந்நிதிக்கு முன்னால் வந்ததும் மாமியார் முந்தானையை விரித்துக் குருக்களிடம் பூ கேட்கணும் என்றாள். இங்கே அந்த வழக்கம் கிடையாதும்மா, தரிசனம் பண்ணிட்டு நகருங்க என்றார் அவர். குற்றம் சொல்ல முடியாது. பின்னால் அத்தனை பேர் நின்றார்கள். அவர் எனக்குக் குங்குமம் கொடுக்கக் கையை நீட்டினார். நானும் நீட்டினேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“அவளுக்கு வேணாஞ் சாமி. அவ தாலியறுத்தவ.”

வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் அவளைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அம்மன் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும், பக்கத்தில் பெரிய சிவன் கோயில் இருக்கிறதே, அங்கே இருக்கிற அம்மனிடம் கேட்போம் என்றாள். பூக்காரி சிரித்தாள். இந்த ஊர்ச் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சந்நிதி கிடையாது, எல்லாக் கோயிலுக்கும் சேர்த்து இந்த ஒரு காமாட்சிதான் என்றாள். அதோடு திரும்பியிருக்கலாம். மாமியார் விடுகிறவள் இல்லை. ஆதிகாமாட்சி கோயிலுக்கு நடத்தினாள். அங்கேயும் பூ கேட்கும் வழக்கம் இல்லை என்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. சாமி கும்பிட வந்தவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 

கடைசியில் காரில் ஏறிச் சுற்றியதில், ஒரு தெருமுனையில் தகரக் கொட்டகை போட்ட சின்ன அம்மன் கோயில் அகப்பட்டது. அருள்குமார் எதிர்க்கடை நிழலில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். பூசாரி வயதானவர். பூ வைக்கலாமே, என்ன கேள்வி என்றார். மாமியார் முதலில் ஃபேனை நிறுத்தச் சொன்னாள். பிறகு கேள்வியைச் சொன்னாள்.

“இந்தப் புள்ள எங்க வூட்டுலயே இருக்கணும்னா வலப்பக்கம் குடு தாயீ. போறதுன்னா எடப்பக்கம் குடு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த ஊரிலும் இப்படிக் கேட்டதில்லை. வலப்பக்கம்தான் விழும் என்று உள்ளுக்குள் அவளுக்கே பயம் வந்துவிட்டது போல, அதனால் கேள்வியைப் புரட்டிவிட்டாள். அம்மனையே ஏமாற்றப் பார்க்கிற ஆளிடம் நான் நியாயம் எதிர்பார்த்து நான்கு வருடம் சோறாக்கிப் போட்டிருக்கிறேன். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வலப்பக்கம் விழுந்தால் அப்பா பின்வாங்கிவிடுவார். அவ்வளவுதான் என் வாழ்க்கை.

சூடம் எரிந்தது. காற்று அசையவில்லை. இடப்பக்கத்து அரளிப்பூ நழுவி, அம்மன் மடியில் விழுந்து, தரைக்கு வந்தது.

போகட்டும்னு சொல்லிட்டாம்மா என்று பூசாரி சந்தோஷமாகச் சொல்லி, அந்தப் பூவை எடுத்து என்னிடம் நீட்டினார். மாமியார் எழுந்து முந்தானையை உதறினாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் இன்னொரு அம்மன் இருக்கிறதாம், அங்கே ஒரு தடவை கேட்டுவிடலாம் என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் எத்தனை அம்மனிடம் கேட்பதாக உத்தேசம் என்று கேட்டேன். அம்மன் சொன்னால் கேட்பேன் என்றுதானே ஊரைக் கூட்டிச் சொன்னீர்கள் என்றேன். அம்மன் சொல் எனக்கு ஒரு மாதிரி, உங்களுக்கு ஒரு மாதிரியா என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் கோணிப்போயிருந்தது.

“எனக்கும் கேட்டாங்கடீ. எம் புருசன் போனப்ப எனக்கு இருவத்தாறு வயசு. அருளு கைக்குழந்த. ஏரியூர்ல ஒருத்தரு கட்டிக்கறேன்னு வந்தாரு, எங்கண்ணன் மாரியம்மாகிட்ட பூ கேட்டான். எடப்பக்கம் வுழுந்துச்சு. கும்புட்டுட்டு வூட்டுக்கு வந்துட்டேன். ஒரு வார்த்த எதுத்துக் கேக்கல. எனக்குக் குடுக்காதத உனக்கு மட்டும் எப்புடி அவ குடுப்பா?”

இதைக் கேட்டதும் பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் மணிக்கட்டில் அவள் பிடித்த இடம் இன்னும் வலித்தது. நான் நிதானமாகத்தான் சொன்னேன்.

“எனக்கு வேணாம்னு வாங்கறதுக்கு இத்தன கோயில் ஏறி எறங்கறீங்களே அத்த. அன்னைக்கு உங்களுக்குச் சரின்னு வாங்க இன்னும் ஒரே ஒரு கோயில் போயிருக்கலாமுங்களே.”

பளீரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பூசாரி சந்நிதிக்குள் போய்விட்டார். அருள்குமார் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தான். அம்மாவிடம் என்ன என்று கேட்டான்.  அவள் அடித்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் எதிரில் அழக் கூடாது என்று காருக்குப் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து முன் சீட்டில் ஏறினாள். ரயில்வே கேட்டுக்கா என்று அருள்குமார் கேட்டான். ஊருக்குப் போ என்றாள். கார் வாலாஜா தாண்டியது. பிறகு என்னைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே மகனிடம் சொன்னாள்.

“நாளைக்கு ஆண்டியப் பாத்து, எங்க வூட்டுல சம்மதம்னு சொல்லிட்டு வா. கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். ஆனா ஆவணி மொத முகூர்த்தத்துல முடிச்சிருங்க. இவ இனி வூட்டுல இருந்தா, எனக்கு அந்த ஏரியூர்க்காரரு மூஞ்சிதான் நெனப்புக்கு வரும்.”