வலது தோள், அரை இஞ்ச்

கட்டிங் மாஸ்டர் நாங்கள் தைத்த பெண்கள் சட்டை ஒன்றை மேசையில் விரித்து, நெடுக்குவாக்கில் சரிபாதியாக மடித்தார். அடிமடிப்பு பொருந்தியது. பக்கத் தையல் பொருந்தியது. தோள் மட்டும் பொருந்தவில்லை. வலது தோள், இடது தோளைவிட அரை இஞ்ச் இறங்கி நின்றது. அவர் இன்னொரு சட்டையை எடுத்து மடித்தார். அதிலும் அரை இஞ்ச். மூன்றாவதிலும்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இது தைக்கிறவங்க தப்பு இல்ல. துணி வெட்டுற அளவு அட்டையிலயே இருக்கு."

அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய கடை ஒன்று எங்கள் துணிகளைக் கேட்டிருந்தது. நாங்கள் அனுப்பிய சாம்பிளை அவர்களுடைய தர ஆய்வாளர் 'தோள் சமமாக இல்லை' என்று ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார். புதன்கிழமைக்குள் சரிசெய்து அனுப்ப வேண்டும். பதினொரு வருடமாக நான் நடத்தும் பிராண்டில் எந்தச் சட்டையானாலும் அந்த ஒரு மீடியம் அளவு அட்டையிலிருந்து பிறந்ததுதான். கழுத்தை மாற்றுவோம், கையை மாற்றுவோம். தோளை யாரும் தொட்டதில்லை.

"எல்லாரும் பாதி வரைஞ்சு, மடிச்சுத்தானே வெட்டுவாங்க? இது முழுசா இருக்கே. யார் மேல போட்டு எடுத்தீங்க?"

"ஞாபகமில்ல மாஸ்டர்."

ஞாபகமில்லாமல் என்ன. என் அக்கா மேல்தான். அப்போது எனக்குப் பாதி வரைந்து மடிக்கும் முறையெல்லாம் தெரியாது. எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. அக்காவைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, பழைய வேட்டித் துணியை உடம்போடு ஒட்டி ஊசி குத்தி, எடுத்ததை அப்படியே அட்டையில் முழுசாக வரைந்தேன். நான்கு வருடம் அவள் அப்படி நின்றாள். சமையலை முடித்துவிட்டு வந்து நிற்பாள். "ஏய், மூச்சு விடலாமாடி?" என்று கேட்பாள். ஊசி குத்தினால் கெட்ட வார்த்தையில் திட்டுவாள். எங்கள் வீட்டில் அவள் அளவுக்குத் திட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அவளுடைய வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பு உடைந்து, கோணலாகக் கூடியது. பின்னால் கேரியரில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. தினமும் பார்க்கிற தோள் என்பதால் அது கோணல் என்றே என் கண்ணுக்குப் படவில்லை.

ஆரம்பத்தில் வாங்கியவர்கள் சொன்னார்கள், வலது பக்கக் கழுத்து ஒட்டாமல் விலகுகிறது, உள்ளாடைப் பட்டை தெரிகிறது என்று. நான் அட்டையைப் பார்க்காமல், அந்த இடத்தில் உள்ளே ஒரு சின்ன நாடாவும் பிரஸ் பட்டனும் வைத்தேன், பட்டையைப் பிடித்துக்கொள்ள. அதுவே எங்கள் அடையாளமாகிவிட்டது. ஒரு பத்திரிகைக்காரப் பெண், ஏன் வலது பக்கம் மட்டும் என்று கேட்டாள். "கைப்பை மாட்டுற பக்கம் பாருங்க, அங்கதான் இழுக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதையும் அச்சடித்தார்கள்.

அக்கா நிற்பதை நிறுத்தியது, விளம்பரத்துக்கு முதல் போட்டோ எடுத்த அன்று. தலைக்குக் குளித்து, கண்ணுக்கு மையிட்டு, நான் தைத்த நீலச் சட்டையை அவளே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் வேறொரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. போட்டோகிராபர், "இவங்க யாரு?" என்றார். "அளவுக்கு நிக்கிறவங்க" என்றேன். அக்கா காதில் விழுந்தது. அவள் திட்டவில்லை. ஓரமாக உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்குப் பொத்தான் போட்டுவிட்டுப் போனாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் சமாதானம் ஆகியிருப்போம். இப்போது அம்மாவின் மாத்திரை தீர்ந்தால் மட்டும் பேசிக்கொள்கிறோம்.

மாஸ்டர் கிளம்பும்போது சொன்னார்: "நேரான தோள் இருக்கிறவங்க அளவு ஒண்ணு வேணும். நீங்களும் மீடியம்தானே? வீட்டுல யாரையாவது எடுக்கச் சொல்லி எழுதிட்டு வாங்க. திங்கக்கிழமை அட்டையை வெட்டிடுறேன்."

மறுநாள் ஞாயிறு. பட்டறைக்கு நான் மட்டும் வந்தேன். மெஷின்கள் எல்லாம் உறை போட்டு மூடியிருந்தன. அக்காவுக்கு போன் செய்தேன்.

"மாத்திரை போன வாரம்தான் வாங்குனேன்," என்றாள் எடுத்தவுடன்.

"அதுக்கு இல்லக்கா." சொன்னேன். அட்டை, தோள், பிரஸ் பட்டன் எல்லாம்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பழைய சிரிப்பு. "அடிப்பாவி! இத்தனை வருஷமா ஊர்ப் பொம்பளைங்கள்லாம் என் கோணத் தோளைத்தான் மாட்டிக்கிட்டுச் சுத்துறாளுங்களா? காசு குடுத்து வேற!"

நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இப்போது சொல்லிவிடலாம், அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று. வாயில் வார்த்தை வந்து நின்றது.

"இப்ப என்ன பண்ணப்போற?" என்றாள்.

"மாத்தணும்க்கா. புதன்கிழமை அனுப்பணும்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது.

"ஓ. அதையும் எடுத்துடப்போற." கோபமாகச் சொல்லவில்லை. பட்டியலில் ஒன்றை அடிப்பது போலச் சொன்னாள். "எடு, எடு. நல்லதுதான். எல்லாருக்கும் சரியா இருக்கணுமில்ல. வைக்கட்டுமா? அடுப்புல இருக்கு."

வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, என்னை நானே அளக்க டேப்பை எடுத்தேன். இடுப்பு எடுத்தேன், மார்பு எடுத்தேன், கை நீளம்கூட எடுத்துவிட்டேன். தோள் வரவில்லை. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை முதுகில் வழுக்கி விழுந்தது. செல்லோ டேப் போட்டு ஒட்டினேன். திரும்பினால் பிய்ந்தது. பதினொரு வருடத்தில் எத்தனையோ பெண்களுக்கு எடுத்த அளவு. தோளை அளக்க முதுகுப் பக்கம் இன்னொருவர் நிற்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் வெட்டும் மேசைக்குப் பக்கத்தில், வெள்ளைச் சுவரில் முதுகை அழுத்தி நின்றேன். நீல மார்க்கிங் சாக்கை எடுத்து, தலையைத் திருப்பாமல், வலது தோள் முடியும் இடத்தில் சுவரில் ஒரு கோடு போட்டேன். கையை மாற்றி இடது பக்கம் ஒன்று. மூச்சு விடாமல்தான் நின்றேன். பிறகு இரண்டடி முன்னால் வந்து, திரும்பிப் பார்த்தேன்.

சுவரில் இரண்டு நீலக் கோடுகள் இருந்தன. நடுவில் யாரும் இல்லை.