வெள்ளிக்கிழமை போகாத காசு

கண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் அருணாசலம், இறந்துபோன மகனின் கிட்டாரைப் பார்க்கப் பொறுக்காமல் வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார். அது இணைய ஏலத்துக்கு வந்ததை மனைவி கோமளம் கண்டுபிடித்து, விலையேற்றி எடுத்தும்விட்டாள்.

“இன்னைக்கு ஆறு மணிக்குள்ள காசு போடணுமாங்க.”

“வெள்ளிக்கிழம வீட்டுக் காசு வெளிய போகக்கூடாது. நாளைக்கு விடிஞ்சதும் போடுவோம்.”

“வேற ஆளுக்குக் குடுத்துட்டா?”

“யாவாரி அப்படித்தான் வெரட்டுவான். நானே தெனமும் பத்துப் பேர வெரட்டுறவன்.”

சனிக்கிழமை முதல் வேலையாகப் பணம் போட்டார். பத்து மணிக்கெல்லாம் விற்றவன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டான். ஏலத்தில் அடுத்தபடியாக விலை கேட்டவருக்கு, மாத்தறைக்கு, நேற்றே கிட்டாரை அனுப்பியாயிற்றென்று எழுதியிருந்தான்.

கோமளம் கைப்பேசியை அவர் முன்னால் வைத்தாள்.

“காசு ஒரு சதம் கொறையாம வந்திருச்சுங்க,” என்றாள்.