அவசரம் செய்த தப்பு

எந்த விதை உறையைப் பிரித்தாலும் பதர். ஆராய்ச்சித் தோட்டத்தில் பூவுக்குப் பூ மகரந்தம் தடவுவதே அவள் வேலை. பழைய ஆலையின் சாம்பல் மேட்டில் தானே தோண்டி எடுத்து வந்து ஒரு பாத்தியில் நட்ட மஞ்சள் பூச்செடிகளைத் தோட்டத்திலிருந்த அதே இனச் செடிகளோடு சேர்த்துப் பார்த்தாள். மேட்டுச் செடிக்குத் தடித்த இலை, பெரிய பூ. மற்றதெல்லாம் துவண்டு விழும் வெயிலில் அது மட்டும் ஜம்மென்று நிற்கும். அந்தத் தெம்பைத் தோட்டத்துச் செடிக்கும் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். இரண்டு பருவம் வீணாய்ப் போனது.

இயக்குநர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "மலட்டுச் செடிம்மா அது. வேர்லேர்ந்து பரவுது, அவ்வளவுதான். திங்கக்கிழமை பாத்திய காலி பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மிச்ச உறைகளைப் பிரித்தாள். ஒன்றில் கருகருவென்று முற்றிய விதைகள்! உறைமேல் நாத்தனாரின் கோழிக்கிறுக்கல். அவளும் இங்கேதான் வேலை பார்க்கிறாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரம் தேடுகிற அவளுக்கு வீட்டிலும் சரி, இங்கும் சரி, பெயர் அவசரம்.

"அண்ணி, திட்டாதீங்க. அன்னிக்கு டப்பா மாறிப்போச்சு. மேட்டுச் செடிப் பூவுக்கு இன்னொரு மேட்டுச் செடியோட மகரந்தத்தையே தடவிட்டேன்."

"இத ஏன்டி அப்பவே சொல்லல?"

"சொன்னா திட்டுவீங்களே."

"இப்ப மட்டும் கொஞ்சப் போறேனா? உன்ன..."

பாதியில் நிறுத்திவிட்டாள். மலடு என்றால் இந்த விதை ஏது? மேட்டுச் செடிகள் தங்களுக்குள் காய்க்கின்றன, தோட்டத்துப் பழைய சொந்தத்தோடு மட்டும் ஒட்டவில்லை.

இரண்டு செடிகளின் வேர் நுனியையும் கிள்ளிச் சாயமேற்றி, கண்ணாடித் துண்டைக் கட்டைவிரலால் அழுத்தி, நுண்ணோக்கியில் வைத்தாள். தோட்டத்துச் செடியில் பதினான்கு குரோமோசோம்கள். மேட்டுச் செடியில் இருபத்தெட்டு. திரும்ப எண்ணினாள். இருபத்தெட்டேதான்.

என்றோ ஒரு செல், பிரிவதற்காகக் குரோமோசோம்களை எல்லாம் இரட்டித்துவிட்டுப் பிரிய மறந்துபோயிருக்கிறது. அதிலிருந்து வந்த செடி பூத்தாலும், அக்கம்பக்கத்து மகரந்தம் கொண்டுவருவது பதினான்கில் பாதி ஏழு, இதன் பங்கு இருபத்தெட்டில் பாதி பதினான்கு. கூட்டு சரிப்படாமல் விதை பதராகும். தன்னைப்போல் இன்னொன்று வரும்வரை, எத்தனை காலம் வேரை மட்டும் நம்பி அந்தச் சாம்பலில் தனியாகக் கிடந்ததோ! இன்று மேடு முழுக்க அதன் வம்சம், ஒரு புது இனமாகவே. எவ்வளவு வைராக்கியம்! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழறீங்களா அண்ணி? நான் பண்ணதுக்கா?"

"வாய மூடு. வந்து பாரு."

திங்கட்கிழமை இயக்குநர் மண்வெட்டிக்காரரோடு வந்தார். அவள் நுண்ணோக்கியைக் காட்டினாள். அவர் உதடசைய எண்ணினார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்து எண்ணினார். பிறகு விதைகளைக் கையில் கொட்டிப் பார்த்தார். மண்வெட்டிக்காரரைப் போகச் சொன்னார்.

"இந்த விதைக்கு மகரந்தம் தடவினது யாரு?"

"நாத்தனார் சார். டப்பா மாத்தித் தப்பா பண்ணிட்டா."

அவசரம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"தப்பா?" விதைகளை ஒன்றுகூடச் சிந்தாமல் உறைக்குள் போட்டார். "அந்தப் பாத்தி முழுக்க அதே தப்பப் பண்ணச் சொல்லுங்க. இந்தத் தடவை நிதானமா."