பாஸ்டர் தேறாத சனிக்கிழமை

காலையிலிருந்து பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. கல் குவாரிக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் நின்று நின்று ஆர்டிஸுக்கு முழங்கால் இரண்டும் விண்ணென்று தெறித்தன. வாரமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சனிக்கிழமையாவது காலை நீட்டிப் படுத்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் மான் வேட்டை தொடங்குகிறது. புதிதாக வேட்டைக்குப் போகிறவர்கள் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் லைசென்ஸ் வாங்க முடியாது. அந்த ஊரில் அதற்கு வகுப்பெடுத்துப் பரீட்சை வைப்பது அவளும் லைலும்தான். சம்பளமில்லாத வேலை.

கடைசியாக மிஞ்சியவர் பாஸ்டர் பிரென்ட். நகரத்திலிருந்து அவர்கள் சபைக்குப் புதிதாக வந்தவர், இளவயது. சபை ஆண்கள் தங்கள் வேட்டைக் குடிலுக்கு அவரை அழைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும்கூட வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

"வேலி வந்தா என்ன செய்வீங்க, பாஸ்டர்?" என்று கேட்டாள்.

"குண்டை வெளிய எடுப்பேன். துப்பாக்கியை வேலிக்கு அடியில அந்தப் பக்கம் தள்ளுவேன், குழல் என்னைப் பார்க்காம. அப்புறம்தான் நான் தாண்டுவேன்."

சொன்னபடியே செய்தார். எழுத்துப் பரீட்சையிலும் ஒரு தப்புதான். இன்னும் பத்தடி நடந்தால் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று ஆர்டிஸ் நினைத்தாள்.

பின்னாலிருந்து லைல் குரல் கொடுத்தான். "பாஸ்டர், மான் கிடைச்சா அதுலயும் பத்துல ஒரு பங்கு சபைக்குக் காணிக்கையா?"

பாஸ்டர் வெடித்துச் சிரித்தபடி திரும்பினார். அவரோடு துப்பாக்கியும் திரும்பியது. குழல் ஆர்டிஸின் வயிற்றைக் கடந்து போயிற்று. விரல் விசையின் மேல் இருந்தது. அவள் சட்டென்று பக்கவாட்டில் விலகினாள்.

"போதும். துப்பாக்கியைக் கீழ வைங்க."

அவருக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. "ஐயோ, ஆர்டிஸ்! மன்னிச்சிருங்க."

லைல் அவளைத் தனியே இழுத்தான். "ஏம்மா, நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இது நடந்திருக்குமா? உள்ள இருக்கிறது வெடிக்காத பிளாஸ்டிக் குண்டு. பாவம், விட்டுடேன்."

எந்தத் துப்பாக்கியிலும் நிஜக் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும் என்று அன்று காலையிலிருந்து எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டாள். இன்னொரு முறை சொல்ல நாக்கு எழவில்லை.

"டெஸ்ஸாவை நீதானே வீட்டுக்கு அனுப்புன?" என்று மட்டும் கேட்டாள்.

டெஸ்ஸாவுக்குப் பதின்மூன்று வயது. மதியம் இதே இடத்தில், இதே தப்பு. அழுதுகொண்டே அம்மாவின் டிரக்கில் ஏறிப் போனாள்.

"அவ சின்னப் பொண்ணு. அடுத்த வருஷம் வருவா. இவர் பாஸ்டர்டி! ஊரே உன்னைக் கரிச்சுக் கொட்டும். டெஸ்ஸாவும் அவ அம்மாவும்தான் போயிட்டாங்களே, யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மைதான். யாருக்கும் தெரியாது. ஒரு கையெழுத்துப் போட்டால் வெந்நீரில் காலை வைத்து உட்காரலாம். ஆர்டிஸ் ஈரக் கையுறையைக் கழற்றிப் பிழிந்தாள். பிறகு பாஸ்டரிடம் போனாள்.

"இந்தத் தடவை இல்லை, பாஸ்டர். வசந்தத்துல மறுபடி வகுப்பு இருக்கு, வாங்க."

"எல்லாரும் எனக்காக ஏற்பாடு பண்ணியிருக்காங்களே."

"துப்பாக்கி இல்லாம போங்க. சமைக்கவும் ஆள் வேணும்."

அவர் சிரிக்கவில்லை. காருக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

ஞாயிறன்று வழிபாட்டுக்குப் பிறகு, காபி வேளையில் ஆர்டிஸின் மேசைக்கு யாரும் வரவில்லை. வேட்டைக் குடிலின் சொந்தக்காரர் கேக்கோடு அவளைக் கடந்து போகும்போது, "இனிமே ஜெபம் பண்ணவும் உன்கிட்ட சான்றிதழ் வாங்கணுமா?" என்றார். அவள் கணவன் வெர்ன் மட்டும் எதிரே உட்கார்ந்து இரண்டாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தான்.

டெஸ்ஸாவின் அம்மா வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாஸ்டர் நேத்து ராத்திரி போன் பண்ணினார். தானும் தேறலைன்னு டெஸ்ஸாகிட்ட அவரே சொன்னார். நீங்களும் லைலும் அவ மேல கோபமா இருந்தீங்கன்னுல்ல நாங்க நினைச்சோம்."

"கோபமெல்லாம் இல்லம்மா."

"வசந்தத்துல ரெண்டு பேரும் சேர்ந்து வர்றாங்களாம்."

ஆர்டிஸ் தலையாட்டினாள். கூடத்தின் மறுகோடியில் பாஸ்டர் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் பக்கம் பார்த்தார், கையை அசைக்கலாமா வேண்டாமா என்பதுபோல. அவளே அசைத்தாள். அதற்கே தோள் வலித்தது.

"போலாமா?" என்றான் வெர்ன்.

"நீ ஓட்டு."

கார் பிரதான சாலையில் ஏறுவதற்குள் ஆர்டிஸ் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.