சாப்பிட்டாச்சா

காலில் கறுத்த புண் சுண்டுவிரலோடு போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கத்தி வைக்குமுன் சர்க்கரை இறங்க வேண்டும். சென்றாயன் கேட்டது ஒன்றுதான்: ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி மிளகு பறிக்க முடியுமா? ஒரு விரல்தானே, ஏறலாம் என்றார். அவன் மனைவி பாவாயிக்கு அது போதுமாயிருந்தது.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் கோதுமை உப்புமா கொடுத்தார்கள். அவனுக்கு இறங்கவில்லை.

"எருமைக்குக்கூட உப்புப் போட்டுத்தான் புள்ள வெப்பாங்க" என்று தட்டை நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

முப்பது வருஷத்தில் அவனைப் பசியோடு படுக்கவிட்டதில்லை பாவாயி. பையில் ஊரிலிருந்து கொண்டுவந்த மலைவாழை இருந்தது. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் இரண்டை உரித்துக் கொடுத்தாள். மீதியைத் தலையணைக்கடியில் வைத்தாள்.

மறுநாள் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. டாக்டர் இன்சுலினைக் கூட்டினார். ஊசி கூடினால் கூடவே இன்னொரு பழம் தின்னலாம் என்று பாவாயி நினைத்துக்கொண்டாள். இரண்டு பழம் மூன்றாயிற்று. மூன்று நாளும் மருந்து ஏறியது. பழமும் ஏறியது. ஒவ்வொரு வேளையும் நர்ஸ் யமுனா வந்து சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். ஆச்சு என்பாள் பாவாயி. அது பொய்யில்லை.

நான்காம் நாள் விடியலில் காப்பீட்டு அட்டையை எடுத்துவரத் மலைமேல் தங்கள் ஊர் இருக்கும் திண்ணனூர் நாட்டுக்குப் பஸ் ஏறினாள். அது இல்லாமல் ஆபரேஷன் இல்லை. பழம் தீர்ந்திருந்தது. ஒரு வேளைதானே என்று விட்டுவிட்டாள்.

மதியம் அட்டையோடும் புதிதாய் ஒரு சீப்புப் பழத்தோடும் திரும்பியபோது கட்டிலைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். காலையில் முழு ஊசியும் போட்டிருந்தார்கள். உப்புமாவைத் தொடாமலே சாப்பிட்டாச்சு என்று சொல்லியிருந்தான் சென்றாயன். வேர்த்துக் கொட்டி, கக்கூஸுக்குப் போகும் வழியில் சுருண்டு விழுந்திருந்தான். சர்க்கரை முப்பத்தெட்டு. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்து அவளைப் பார்த்தான். யாரென்று தெரிய வெகுநேரமாயிற்று.

அன்று மாலையே யமுனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்கக்கா" என்றாள் யமுனா. பிறகு, "நாங்களும் சாப்டாச்சான்னுதான் கேட்டோம். என்ன சாப்டாருன்னு கேக்கலீங்க."

மறுநாளிலிருந்து எல்லாக் கட்டிலிலும் தொங்கும் தாளில் ஸ்கேலால் கோடு போட்டு ஒரு கட்டம் சேர்ந்திருந்தது. என்ன, எவ்வளவு, யார் கொண்டுவந்தது. தட்டைப் பார்த்த பிறகுதான் ஊசி.

விழுந்ததில் புண் பிளந்திருந்தது. மருந்தை முதலிலிருந்து அளந்து சரிசெய்ய ஆறு நாள் பிடித்தது. அதற்குள் கறுப்பு விரலைத் தாண்டிவிட்டது. பாதிப் பாதத்தை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். மூங்கிலைப் பற்றிச் சென்றாயன் இந்த முறை கேட்கவில்லை.

"நாந்தான பசிக்குதுன்னேன்" என்றான் அவளிடம். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஆபரேஷனுக்கு முந்தின மாலை யமுனா தாளோடு வந்தாள். என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள்.

"ரெண்டு இட்லி, சாமி. வேற ஒண்ணுமில்லை."

யமுனா உடனே எழுதவில்லை. பேனா தாளின்மேல் நின்றது. பாவாயி எழுந்து தலையணையைத் தூக்கி வெறும் மெத்தையைக் காட்டினாள்.